பத்து மாதக் குழந்தையோடு அந்தமான்: ஒரு பயணத் திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

போன பிப்ரவரியில் நாங்கள் நான்கு பேர் அந்தமான் போய்வந்தோம். நான், கணவர், அறுபத்தொரு வயது அம்மா, பத்து மாத மகள். தாம்பரத்து வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து மறுபடி திறந்தது வரை ஆறு இரவுகள். இந்தப் பயணத்தின் திட்டத்தை மூன்று முறை மாற்றினோம். எதற்காக மாற்றினோம், எந்த மாற்றம் பலன் தந்தது, எதைக் கோட்டைவிட்டோம் என்பதை எழுதி வைக்கிறேன். கைக்குழந்தையோடு தீவுப் பயணம் யோசிக்கும் பெற்றோருக்கு, கடற்கரைப் படங்களைவிட இதுதான் உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் எங்கே போவது என்ற பேச்சு. மாலத்தீவு என்றால் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி வாங்க வேண்டும், தங்கும் இடங்களும் குறைவு. அந்தமானுக்கு இந்தியக் குடிமக்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்தான். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தால் போதும், இரண்டு வயதுக்குள் என்பதால் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். தலைநகர் போர்ட் பிளேரில் தமிழ் பேசுபவர்கள் நிறைய. வெற்றிமலை முருகன் கோயிலும் இருக்கிறது என்றதும் அம்மா அன்றைக்கே சம்மதித்துவிட்டார். (2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான், நானும் அப்படியே எழுதுகிறேன்.)

மாதத்தைத் தேர்வு செய்வதில் குழப்பமே இல்லை. மே கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவமழை, அக்டோபருக்குப் பிறகு வங்கக் கடலில் புயல் காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். அதில் ஏப்ரல் வெயில் குழந்தைக்கு ஆகாது. ஆகவே பிப்ரவரி.

ஆனால் பிப்ரவரியில் எந்த வாரம் என்பதில் முதல் மாற்றம் வந்தது. மகளுக்கு ஒன்பது மாதத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்டு எட்டாவது நாளில் கிளம்புவதாகத்தான் முதலில் தேதி குறித்திருந்தோம். ஊசி போட்டு ஒரு வாரம் ஆகிவிட்டதே, இனி என்ன என்று நினைத்தோம். எங்கள் குழந்தை மருத்துவர் நாள்காட்டியைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். மற்ற ஊசிகளுக்குக் காய்ச்சல் வந்தால் ஓரிரு நாளில் வரும். தட்டம்மை ஊசிக்கு ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரைக்குள் வரலாம், கூடவே லேசான தடிப்பும் இருக்கலாம். தீவில் வைத்துக் காய்ச்சல் வந்தால் அது ஊசியாலா, கொசுவாலா, வேறு தொற்றாலா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். பயணத்தை மூன்று வாரம் தள்ளிப் போட்டோம். விமான டிக்கெட்டை மாற்றியதில் பணம் போனது. அது நியாயமான செலவு என்றுதான் இப்போதும் சொல்வேன்.

அடுத்து, பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய அட்டவணை. அந்தமானுக்கு எல்லோரும் வாங்கும் வழக்கமான பேக்கேஜ்தான் அது: ஐந்து இரவு, ஆறு பகல். முதல் நாள் போர்ட் பிளேரில் இறங்கி செல்லுலார் சிறை, மாலையில் ஒலி-ஒளிக் காட்சி. இரண்டாம் நாள் படகில் ஹேவ்லாக் தீவு. மூன்றாம் நாள் எலிபென்ட் கடற்கரை. நான்காம் நாள் படகில் நீல் தீவு. ஐந்தாம் நாள் படகில் திரும்பி ராஸ் தீவு. ஆறாம் நாள் விமானம். படிக்க அழகாக இருந்தது. கணவர் ஒரு தாளை எடுத்து, பார்க்கும் இடங்களை எல்லாம் விட்டுவிட்டு, குழந்தையை ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை முறை மாற்றுகிறோம் என்று மட்டும் எண்ணினார். டாக்சி, விமானம், டாக்சி, அறை, டாக்சி, ஜெட்டி, படகு, டாக்சி, அறை... ஆறு நாளில் இருபத்தைந்தைத் தாண்டியது. மூன்று கடல் பயணங்கள், நான்கு முறை பெட்டி கட்டுதல்.

எங்கள் ஆய்வின் மையம் அந்தத் தாள்தான். இரண்டு மணி நேரம் ஒரே மடியில் இருப்பது குழந்தைக்குப் பெரிய சிரமமில்லை, தூங்கிவிடும். தூங்குகிற குழந்தையைத் தூக்கி, வெயிலில் நிறுத்தி, வரிசையில் காத்திருந்து, இன்னொரு இடத்தில் உட்கார வைப்பதுதான் அதை உடைக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு தூக்கம் கெடுகிறது, ஒரு வேளைச் சாப்பாடு தள்ளிப் போகிறது. பெரியவர்கள் தூரத்தைக் கணக்குப் போடுகிறோம். குழந்தையோடு போகும்போது மாற்றங்களைக் கணக்குப் போட வேண்டும்.

நீல் தீவு, எலிபென்ட் கடற்கரை, ராஸ் தீவு மூன்றையும் எடுத்துவிட்டோம். போர்ட் பிளேரில் இரண்டு இரவு, ஹேவ்லாக்கில் மூன்று, கடைசியில் மறுபடி போர்ட் பிளேரில் அதே விடுதியில் ஓர் இரவு. அதே விடுதி என்பதில் ஒரு வசதி: பெரிய பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஹேவ்லாக்குக்கு ஒரு சின்னப் பையோடு போகலாம். எலிபென்ட் கடற்கரையை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே பெரும்பாலும் சிறிய வேகப்படகில்தான் போகிறார்கள். பெரியவர் அளவு மிதவைச் சட்டை பத்து மாதக் குழந்தைக்கு எந்த உதவியும் செய்யாது, கழுத்து வழியாக நழுவிவிடும். குழந்தையைக் கேரியரில் நம் மார்போடு கட்டிக்கொண்டு சிறு படகில் உட்காருவது அதைவிட ஆபத்து.

மூன்றாவது மாற்றம் கடிகாரத்தைப் பற்றியது. இந்திய நேரம் மிர்சாப்பூர் அருகே போகும் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேர் கிட்டத்தட்ட 92.7 பாகையில் இருக்கிறது. சென்னையோடு ஒப்பிட்டால் சூரியன் அங்கே ஏறக்குறைய ஐம்பது நிமிடம் முந்துகிறது. பிப்ரவரி நடுவில் காலை 5.40 வாக்கில் உதயம், மாலை 5.25 வாக்கில் அஸ்தமனம். பெரியவர்களுக்கு இது சுவாரசியமான தகவல், அவ்வளவுதான். குழந்தைக்கு இதுதான் நாளின் அடித்தளம். வீட்டில் எட்டு மணிக்குத் தூங்கி ஆறரைக்கு எழுபவள், அங்கே வெளிச்சம் வந்ததுமே எழுந்துவிடுவாள். அதோடு மல்லுக்கு நிற்காமல், கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பிருந்தே இரவுத் தூக்கத்தைத் தினமும் பத்து நிமிடம் முன்னே நகர்த்தினோம்.

வெயில் விஷயத்திலும் இதே கணக்குதான். காலை பத்து முதல் மாலை நான்கு வரை குழந்தையை வெயிலில் காட்டாதீர்கள் என்பது சென்னையில் சரி. பிப்ரவரியில் போர்ட் பிளேரில் சூரியன் உச்சிக்கு வருவதே பதினொன்றரைக்கு. ஆகவே அங்கே தவிர்க்க வேண்டிய நேரம் ஒன்பது மணிக்கே தொடங்கி மூன்று மணிக்கு முடிகிறது. காலை உணவை முடித்துவிட்டு ஒன்பதரைக்குக் குழந்தையோடு மணலில் இறங்கியவர்கள் பலரைப் பார்த்தேன். சென்னைக் கணக்குப்படி அவர்கள் பத்தேகாலுக்கு மேல் இறங்கியிருக்கிறார்கள்.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

விமானத்தில் காது வலி வராமல் இருக்க இறங்கும்போது பால் கொடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்போது தொடங்குவது என்பதைத்தான் சொல்வதில்லை. தரையிறங்கும் அறிவிப்பு வரும்போது விமானம் ஏற்கெனவே வெகுதூரம் இறங்கியிருக்கும். தரையைத் தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடுகிறது. ஆகவே கடைசி ஒரு மணி நேரம் அவளுக்கு எதுவும் கொடுக்காமல் வைத்திருந்து, எஞ்சின் சத்தம் தணிந்த அந்த நிமிடத்தில் பால் கொடுத்தேன். அழாமல் இறங்கினாள்.

முதல் இரண்டு நாள் போர்ட் பிளேரில் மெதுவாகப் போனது. 1906இல் கட்டி முடித்த செல்லுலார் சிறைக்குக் காலையில் போனோம். ஏழு சிறகுகளில் இப்போது மூன்றுதான் நிற்கின்றன. அம்மா அந்த நீண்ட தாழ்வாரத்தில் ஒவ்வொரு அறையாக நின்று பார்த்தார், நான் குழந்தையோடு முற்றத்து நிழலில் இருந்தேன். மாலை ஒலி-ஒளிக் காட்சி மகள் தூங்கும் நேரம் என்பதால் கணவரும் அம்மாவும் மட்டும் போனார்கள். எல்லோரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்று இல்லை. இதை முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால் யாருக்கும் மனக்குறை வரவில்லை.

மூன்றாம் நாள் படகு. ஹேவ்லாக்குக்கு (2018 முதல் ஸ்வராஜ் தீவு) தனியார் படகுகள் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். மூடிய ஏசி அறை, வெளியே நிற்க இடமில்லை. குழந்தைக்கு வாந்தி வருமோ என்றுதான் நாங்கள் மூவரும் பயந்தோம், துண்டும் மாற்றுத் துணியும் எடுத்து வைத்தோம். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குப் பயணக் குமட்டல் மிக அரிது, அவள் பாட்டுக்குத் தூங்கினாள். வாந்தி எடுத்தது அம்மாவும் நானும். நாற்பது நிமிடம் என்னால் மகளைத் தூக்கவே முடியவில்லை, கணவர் ஒருவரே மூவரையும் பார்த்துக்கொண்டார். அவருக்கும் வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். திரும்பி வரும்போது அம்மாவுக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை கொடுத்து, அசைவு குறைவாக இருக்கும் நடு-பின் வரிசையைக் கேட்டு வாங்கினோம். தாய்ப்பால் கொடுப்பதால் நான் எதை எடுக்கலாம் என்று மருத்துவரைக் கேட்ட பிறகே மாத்திரை போட்டேன். இந்த வகை மாத்திரைகள் தூக்கத்தைத் தரும், அதைத் தானாக எடுப்பது சரியில்லை.

ஹேவ்லாக்கில் நாங்கள் தங்கிய விடுதி, தொலைபேசியில் பேசியபோது அறையில் ஃப்ரிட்ஜ் உண்டு என்றது. போனால் இல்லை. உணவக ஃப்ரிட்ஜில் வைத்துத் தருகிறோம் என்றார்கள், இரவில் உணவகம் பூட்டியிருக்கும். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, ஏனென்றால் அதை நம்பித்தான் பாலைப் பிழிந்து வைக்கும் திட்டம் போட்டிருந்தேன். எழுத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ஆனால் அம்மா வீட்டிலிருந்து வறுத்து அரைத்த அரிசி-பருப்புப் பொடியும் ராகி மாவும் கொண்டுவந்திருந்தார், கூடவே ஒரு மின்கெட்டில். கொதிக்கிற தண்ணீரும் பொடியும் இருந்தால் பத்து நிமிடத்தில் ஒரு வேளை உணவு. மகள் அந்த மூன்று நாளும் வீட்டு ருசியில்தான் சாப்பிட்டாள்.

நான்காம் நாள் காலை நன்றாகத்தான் தொடங்கியது. ஐந்தரைக்கு எழுந்து ஆறு மணிக்கெல்லாம் விடுதிக்கு முன்னால் இருந்த கிழக்குக் கடற்கரைக்குப் போனோம். அந்தப் பக்கம் நீர் வற்றும்போது நெடுந்தூரம் உள்வாங்கி, பாறைகளுக்கு நடுவே கணுக்கால் அளவுக் குட்டைகள் நிற்கும். மகள் ஒரு குட்டையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தண்ணீரை அடித்தாள். பதினைந்து நிமிடம் மட்டும் விட்டோம். நீர் வெதுவெதுப்பாகத் தோன்றினாலும் சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஏழரைக்கு அறைக்குத் திரும்பி, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, சாப்பிட வைத்துத் தூங்கப் போட்டோம். இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த ஒன்றரை மணி நேரம் அதுதான்.

பத்தரைக்கு எழுந்தவளுக்குத் தண்ணீராக மலம் போனது. நண்பகலுக்குள் நான்கு முறை. காய்ச்சல் இல்லை, இரத்தம் இல்லை. கணவர் உடனே மருத்துவருக்கு வீடியோ அழைப்பு போட்டார். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்து, அது ஹேவ்லாக்கையும் தொடுகிறது. அதற்கு முன்பு அங்கே இணையம் எப்படி இருந்தது என்று ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். மருத்துவர் முகத்தைக் காட்டச் சொன்னார், வாயைத் திறந்து ஈரம் பார்க்கச் சொன்னார், உச்சிக்குழி பள்ளமாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொன்னார், கடைசியாக எப்போது சிறுநீர் போனாள் என்று கேட்டார். அழும்போது கண்ணீர் வருகிறதா? வந்தது. சரி, வீட்டு வைத்தியமாகவே பார்க்கலாம் என்றார்.

ஓ.ஆர்.எஸ். (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைக் கலவை) பொட்டலம் நாங்கள் கையோடு கொண்டுபோயிருந்தோம். இங்கே இரண்டு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய பொட்டலத்தை முழு ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாதியைக் கொட்டிக் கலக்கினால் உப்பு அதிகமாகிக் குழந்தைக்கு ஆபத்து. அடுத்து, கடையில் அட்டைப்பெட்டியில் விற்ற பழச்சுவைப் பானங்கள் பல ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு வந்துகொண்டிருந்தன. அவற்றில் சர்க்கரை மிக அதிகம், வயிற்றுப்போக்கைக் கூட்டும். உணவுப் பொருள்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை போட்டது. ஒரு குழந்தை மருத்துவர் பல ஆண்டு போராடியதன் பலன் அது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு முறை போன பிறகும் ஐம்பதிலிருந்து நூறு மில்லி, கரண்டி கரண்டியாக. தாய்ப்பாலை நிறுத்தவில்லை. அம்மாவுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. “இன்னிக்கு ஒருநாள் வயித்தைக் காயப்போடலாமேம்மா” என்றார். சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் அவரிடமே சொன்ன பிறகுதான் அரிசி-பருப்புக் கஞ்சியைக் கரைத்தார். நாங்கள் கேட்காமலேயே மருத்துவர் இன்னொன்றும் சொன்னார்: போக்கை நிறுத்தும் மாத்திரை எதையும் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

மாலையில் அம்மாவின் நிம்மதிக்காக ஹேவ்லாக் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். விடுதியிலிருந்து பத்து நிமிடம். அறை பிடிக்கும்போதே அந்தத் தூரத்தைக் கேட்டுத்தான் பிடித்திருந்தோம். அங்கிருந்த மருத்துவர் எடை பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, அதே சிகிச்சையைத் தொடரச் சொல்லி, கூடவே சிங்க் எழுதிக் கொடுத்தார். நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், பதினான்கு நாள். இரத்தம் போனாலோ, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டாலோ, சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காமல் வர வேண்டும், தேவைப்பட்டால் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு அனுப்புவோம் என்றார்.

எதனால் வந்தது? குடிக்கும் தண்ணீரைத் தவறாமல் கொதிக்க வைத்தோம். ஆனால் கிண்ணத்தையும் கரண்டியையும் குழாய்த் தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு அதிலேயே கஞ்சி கரைத்தோம். மூன்றாம் நாள் இரவு நானே அப்படிச் செய்தது நினைவிருக்கிறது. அதுதான் காரணம் என்று என் மனம் சொல்கிறது. அதன்பிறகு கழுவிய பாத்திரத்தின் மேல் கெட்டில் வெந்நீரை ஒரு முறை ஊற்றி எடுக்க ஆரம்பித்தோம்.

இப்போது பழைய அட்டவணையை எடுத்துப் பாருங்கள். நான்காம் நாள்: படகில் நீல் தீவு. ஜெட்டியில் வெயிலில் வரிசை, மூடிய படகு, புது அறை, புது ஊர், நான்கு முறை போன குழந்தை. நாங்களோ அதே அறையில், அதே மெத்தையில், பத்து நிமிடத் தூரத்தில் மருத்துவரோடு இருந்தோம். மாற்றங்களைக் குறைத்தபோது இப்படி ஒரு நாளை நாங்கள் நினைக்கவில்லை, குழந்தையின் தூக்கத்தைத்தான் நினைத்தோம்.

ஐந்தாம் நாள் காலைக்குள் போக்கு குறைந்தது. மூன்று மணிக்கு மேல் ராதாநகர் கடற்கரைக்குப் போனோம். 2020இல் தூய்மைக்கான நீலக்கொடிச் சான்று வாங்கிய கடற்கரை, மரங்கள் மணல் வரை வந்து நிற்கும், நிழலுக்குப் பஞ்சமில்லை. தண்ணீரில் இறங்கவில்லை. அதை ஒட்டிய நீல்ஸ் கோவ் பகுதியில் 2010இல் ஒரு பயணி முதலைக்குப் பலியானார். எந்த இடத்தில் இறங்கலாம் என்பதைப் பலகையைப் பார்த்தும், அங்கிருக்கும் உயிர்காப்பாளரைக் கேட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அஸ்தமனத்துக்குப் புகழ்பெற்ற இடம் என்றாலும் ஐந்துக்கே கிளம்பிவிட்டோம், மணல் ஈக்கள் கடிக்கத் தொடங்கும் நேரம் அது. எனக்குக் காலில் பதினோரு கடி, ஒரு வாரம் அரித்தது. மகளுக்கு முழுக்கால் பருத்தி உடை, தள்ளுவண்டியின் மேல் வலை. ஒரு கடிகூட இல்லை.

ஆறாம் நாள் காலைப் படகு காற்று காரணமாகப் பிற்பகலுக்குத் தள்ளப்பட்டது. எங்களுக்கு மறுநாள்தான் விமானம். ஜெட்டியில் பக்கத்தில் நின்ற ஒரு தம்பதிக்கு அன்றைக்கே மதிய விமானம், கையில் இரண்டு வயதுப் பையன். அவர்கள் தொலைபேசியில் யார் யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார்கள், பையன் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். எங்களிடம் இருந்த பிஸ்கட்டையும் தண்ணீரையும் கொடுத்தோம், வேறு என்ன செய்ய முடியும்.

அப்புறம் போர்ட் பிளேரில் அதே விடுதி, அங்கே விட்டுவந்த பெட்டி, அபர்தீன் கடைவீதியில் இட்லி. மறுநாள் காலை வெற்றிமலைக் கோயிலில் அம்மா பேத்தியின் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வந்த பிறகு விமானம். சிங்க் மருந்தின் கடைசி வேளை தாம்பரம் வீட்டில், பத்து நாள் கழித்து முடிந்தது. மருத்துவர் எடை பார்த்தார்: எட்டு கிலோ நூறு. கிளம்பும்போது இருந்ததைவிட ஐம்பது கிராம் கூடியிருந்தது.